பலேர்மோவில் மூன்று தடவை கழற்றிய கார்புரேற்றர்

அன்று அந்த முற்றத்தில் நின்றவர்கள் நான்கு பேர். நாப்போலியிலிருந்து கப்பலில் வந்த நான். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மன்னார் அந்தோனி அண்ணை. அவருடைய மனைவி ரீற்றா அக்கா. பலேர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் பட்டறை வைத்திருக்கும் எழுபது வயது மெக்கானிக் நினோ. மேல்மாடிச் சன்னலிலிருந்து ஒரு பெண் இடையிடையே எட்டிப் பார்த்தார். அவர் கீழே இறங்கி வரவில்லை, ஆகவே சேர்க்கவில்லை.

நான் போன காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். நாப்போலியில் ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவர் வீட்டில் வேலை செய்கிறேன். வயது எழுபத்து நான்கு. தொத்தோரே, அதாவது டாக்டர், என்றுதான் கூப்பிடுவேன். பலேர்மோவில் இருந்த அவருடைய தங்கையின் வீடு விற்றாகிவிட்டது. திங்கட்கிழமை வாங்கியவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும். அந்த வீட்டின் முற்றத்தில் தொத்தோரே இளம் வயதில் ஓடிய மோட்டார் சைக்கிள் நின்றது. ஐம்பத்து நான்காம் ஆண்டு வண்டி, ஒற்றைச் சிலிண்டர், இருநூற்றைம்பது சிசி. அதற்கு முன் அதை நாப்போலிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

"உனக்கு மோட்டார் சைக்கிள் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அது உண்மை. பழுது வந்தால் பார்ப்பாயா என்றார். பார்ப்பேன் என்றேன். அது பாதி உண்மை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுப் பேக்கரி வேலைக்குப் போனவன். யாழ்ப்பாணத்தில் வீடு வீடாகப் பாண் கொண்டுபோய்க் கொடுத்தது மோட்டார் சைக்கிளில்தான். அவ்வளவுதான் என் படிப்பு.

இன்னொன்றும் இருந்தது. என் பெர்மெஸ்ஸோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான பத்திரம், மூன்று கிழமையில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கத் தொத்தோரே வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். திங்கட்கிழமை வைக்கிறேன் என்றிருந்தார். வண்டியையும் கையெழுத்தையும் அவர் ஒரு தடவைகூடச் சேர்த்துச் சொல்லவில்லை. என் மனம்தான் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டது.

வெள்ளி, பின்னேரம் 8.00. கப்பல் புறப்பட்டது. போகவும் வரவும் ரிக்கற்றைத் தொத்தோரே எடுத்துத் தந்திருந்தார். என் சட்டைப் பையில் அறுபதாயிரம் லீரா. கதிரையில் இருந்தபடியே முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் கடல். கப்பல் தாழுமோ என்று பயப்படவில்லை. வண்டி ஸ்ராட் ஆகாவிட்டால் என்ன சொல்வது என்று இத்தாலிய மொழியில் வசனம் தேடிக்கொண்டு போனேன்.

சனி, காலை 6.30. பலேர்மோ துறைமுகம். கரைக்குப் பக்கத்திலேயே மொட்டையாக ஒரு மலை நிற்கிறது. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பிப் போகும்போது வண்டி ஏற்ற இருபத்தையாயிரம் லீரா கட்டினேன். வண்டியைப் பார்க்குமுன் காசு கட்டியது புத்தியா என்று உடனே கவலை வந்தது. கடற்கரையோரமாகக் கால்சாவுக்கு இருபது நிமிட நடை. வழியில் ஒருவர் கடலை மாவைத் தட்டையாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துக் கொடுத்தார். பனெல்லே என்கிறார்கள். நம் கடலை வடைக்கு உறைப்புப் போட மறந்தால் இப்படித்தான் இருக்கும். பாண் இரண்டாயிரத்து ஐந்நூறு, கோப்பி ஆயிரம்.

கால்சாவில் ஒரு பக்கம் புதிதாக வெள்ளையடித்த பெரிய மாளிகை. அதை ஒட்டியபடியே சுவர் வெடித்த வீட்டில் உடுப்புக் காய்கிறது. தங்கையின் வீடு அந்த மாளிகைக்குள்தான். கதவில் அந்தோனி அண்ணை நின்றார்.

"நேசன்தானே? வாரும் தம்பி. கப்பல்லை சத்தி எடுத்தனீரோ? முகம் அப்படிக் கிடக்கு."

"இல்லை அண்ணை. யோசினை."

"யோசினைக்குப் பலேர்மோவிலை மருந்து இல்லை. வண்டி நல்லா நிக்குது, பயப்படாதையும். போன கிழமைதான் நினோ எல்லாம் கழுவிப் பூட்டினவர். அவற்றை வேலையிலை பிழை வராது."

வண்டி சிவப்பாக, மினுக்கி வைத்த கோயில் விளக்குப் போல நின்றது. இரண்டாவது உதையில் ஸ்ராட் ஆனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை 8.30. கடற்கரை வீதியான போரோ இத்தாலிக்கோவில் உள்ள பெற்றோல் நிலையத்துக்கு ஓட்டிப் போனேன். ஐந்து லீற்றர், ஒன்பதாயிரத்து ஐந்நூறு. தாங்கி மூடியின் றப்பர் காய்ந்து போயிருந்தது, பெற்றோல் மணத்தது. உடுப்புச் சுற்றி வந்த பொலித்தீன் சொப்பிங் பையில் உள்ளங்கையளவு கிழித்து, தாங்கியின் வாயில் வைத்து, அதன்மேல் மூடியை இறுக்கித் திருகினேன். இதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

9.00. ஐயாயிரம் லீரா அட்டை ஒன்று வாங்கித் தெருத் தொலைபேசியில் தொத்தோரேயைக் கூப்பிட்டேன். வண்டி ஓடுகிறது என்றேன். "நாளை காலை ஹெல்மெற்றோடு துறைமுகத்துக்கு வருகிறேன். நீ பஸ்ஸில் வா. நான்தான் வீட்டுக்கு ஓட்டிப் போவேன்" என்றார்.

அவர் வீடு இருப்பது வோமெரோ மேட்டில். நாப்போலி வாகன நெரிசலை எழுதத் தேவையில்லை. எழுபத்து நான்கு வயது. வைத்துவிட்ட தொலைபேசியை மறுபடி எடுத்து வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

10.00. "வாரும், ஊரைப் பாத்துக்கொண்டு ஒரு சுத்துச் சுத்துவம்" என்று அந்தோனி அண்ணை பின்னால் ஏறினார். வியா மக்வேதா நீளமான, ஒடுக்கமான கடைத்தெரு. இரண்டு பக்கமும் உயர்ந்த பழைய கட்டிடங்கள். நடுவில் காரும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகின்றன. சப்பாத்துக் கடை ஒன்றின் முன் வண்டி இருமியது. இரண்டு தடவை துள்ளியது. நின்றுவிட்டது.

பின்னால் ஹோண் சத்தம். நான் கார்புரேற்றரின் காற்று வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உதைத்தேன். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் செய்வோம். கறுப்புப் புகை கக்கியது, ஓடவில்லை. பஸ் சாரதி தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார் அண்ணை?"

"உம்மடை வண்டிக்கு அஞ்சலி சொல்லுறார். தள்ளும்."

பதினைந்து நிமிடம் தள்ளினோம். முற்றத்துக்கு வந்து உதைத்தால் முதல் உதையிலேயே ஸ்ராட் ஆகி, ஒன்றும் நடக்காதது போல நின்று பாடியது. பழுதாகி நிற்கும் வண்டியைவிட இப்படிப்பட்ட வண்டிக்குத்தான் எனக்குப் பயம். முற்றத்தில் ஓடும், நாப்போலியில் தொத்தோரே ஏறிய பிறகு, இரண்டு லொறிகளுக்கு நடுவில் நிற்கும்.

11.00. அந்தோனி அண்ணை போய் நினோவைக் கூட்டி வந்தார். குட்டையான மனிதர், நீல மேலங்கி, கழுத்தில் கயிறு கட்டிய இரண்டு மூக்குக்கண்ணாடி. நாப்போலிப் பேச்சே எனக்குப் பாதிதான் விளங்கும். இவர் பேசியது சிசிலி மொழி. அந்தோனி அண்ணை இடையில் நின்றார்.

"போன கிழமை தான் பூட்டின காபுரேற்றரிலை ஆர் கை வைச்சது எண்டு கேக்கிறார்."

"ஒருத்தரும் இல்லை அண்ணை."

"தம்பி, மனிசனுக்குக் கோவம் வந்திட்டுது. உண்மையைச் சொல்லும்."

"சத்தியமாய் நான் கழட்டேல்லை."

நான் கழற்றவில்லை என்பது உண்மை. காற்று வாயைப் பொத்தியது கை வைத்ததில் சேருமா என்று யோசித்தேன், சொல்லாமல் விட்டேன்.

நினோ தாங்கியில் காதை வைத்து வண்டியை ஆட்டினார். பெற்றோல் குலுங்கியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி பிடித்துக் கறுத்திருந்தது. பெற்றோல் கூடுகிறது என்றார். முற்றத்தில் துணி விரித்து, கார்புரேற்றரை இறக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாக வைத்தார். அடியில் பெற்றோல் தங்கும் சின்னக் கிண்ணம் கண்ணாடி போல இருந்தது. பெற்றோல் வரும் நுண்ணிய துளையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், வாயால் ஊதினார். ஓர் அழுக்கும் இல்லை. ஊசியை ஒரு படி இறக்கிப் பூட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட விட்டார். நன்றாக ஓடியது.

நான் எடுத்துப் போனேன். பியாட்சா மரீனா சதுக்கத்தைச் சுற்றி மூன்றாவது தடவை வரும்போது நின்றது. மறுபடி காற்று வாயைப் பொத்தி உதைத்தேன். மறுபடி புகை. மறுபடி தள்ளினேன்.

12.45. ரீற்றா அக்கா கபோ சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து சோறும் குழம்பும் வைத்திருந்தா. நினோ குழம்புக்குப் பாண் கேட்டு வாங்கித் தோய்த்துச் சாப்பிட்டார். நெற்றி வேர்த்தது, நிறுத்தவில்லை.

"உறைப்பில்லாமல் வைக்கச் சொன்னனான்" என்றார் அந்தோனி அண்ணை.

"உறைப்பில்லாமல்தான் வைச்சனான். பாருங்கோ, அந்த மனிசன் சட்டியை வழிக்குது. நீங்கள்தான் இருபது வருசமாய்க் குறை சொல்லுறியள்."

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஏழு மணிக்கு முன் கப்பலில் ஏற வேண்டும்.

2.00. இரண்டாவது தடவை கழற்றினார். கிண்ணத்துக்குள் இருக்கும் பித்தளை மிதவையை ரீற்றா அக்காவின் சுடுநீர்ச் சட்டிக்குள் அமுக்கிப் பிடித்தார். ஓட்டை இருந்தால் குமிழி வருமாம். வரவில்லை. பட்டறைக்குப் போய் மிதவை ஊசி புதிதாக ஒன்று கொண்டுவந்து போட்டார். நான் எடுத்துப் போனேன். பத்தாவது நிமிடம் நின்றது.

4.00. மூன்றாவது தடவை. இப்போது நினோ ஒரு மூக்குக்கண்ணாடிக்கு மேல் மற்றதையும் போட்டுக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்த்தார். கடதாசி வாசரைப் புதிதாக வெட்டிப் போட்டார். பூட்டி முடித்து எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

5.00. தனியாகப் புறப்பட்டேன். போரோ இத்தாலிக்கோவில் கடலைப் பார்த்தபடி நின்றது. இந்தத் தடவை என் கை காற்று வாய்க்குப் போகவில்லை. ஐந்து லீற்றரும் கரைந்துவிட்டதோ என்ற பயத்தில் தாங்கி மூடியைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று வண்டி நீளமாக மூச்சை உள்ளே இழுத்தது.

சொப்பிங் பைத் துண்டு தாங்கியின் வாய்க்குள் உறிஞ்சப்பட்டு, கிண்ணம் போலக் குழிந்து கிடந்தது. அதை எடுத்தேன். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துளை. பெற்றோல் குறையக் குறைய அந்தத் துளையால் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. நான் அடைத்து வைத்திருந்தேன். தள்ளிக்கொண்டு போகும் பதினைந்து நிமிடத்தில் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போக, வண்டி மறுபடி நல்ல பிள்ளையாகிவிட்டது.

மூடியை மட்டும் பூட்டி உதைத்தேன். ஒரே உதை. அரை மணி நேரம் கடற்கரையில் மேலும் கீழும் ஓடினேன். நிற்கவே இல்லை. பொலித்தீன் துண்டு என் காற்சட்டைப் பையில் இருந்தது.

5.45. வண்டிச் சத்தம் கேட்டதும் நினோ வாசலுக்கு வந்துவிட்டார். நான் இறங்கியதும் வண்டியின் இருக்கையைத் தட்டினார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தோனி அண்ணையைப் பார்த்து மெதுவாக நெடுநேரம் பேசினார்.

"என்னவாம் அண்ணை?"

"போன கிழமை பூட்டேக்கை தானே எதையோ பிழையாய் விட்டிருக்கிறன் எண்டு சொல்லுறார். தன்ரை கண் முடிஞ்சுதாம். இனிப் பட்டறையை மருமோனிட்டைக் குடுத்திட்டு வீட்டிலை இருக்கப்போறாராம். தன்ரை பிழை எண்டபடியால் உம்மட்டை ஒரு லீராவும் வேண்டமாட்டாராம்."

நான் பையிலிருந்ததைத் தமிழில் சொன்னேன். அந்தோனி அண்ணை முகத்தை மாற்றாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தம்பி, அதைப் பையுக்குள்ளையே வைச்சிரும். வண்டி ஓடுது. காசும் மிச்சம். கப்பலுக்கு ஒரு மணித்தியாலம்தான் கிடக்கு. இவருக்கு இப்ப கோவம் வந்தால் கதைச்சு முடிக்க நாளைக்கு விடியும்."

ரீற்றா அக்கா கோப்பித் தட்டோடு நின்றா.

"இஞ்சருங்கோ, அந்த மனிசன் தன்ரை கண்ணைப் பழி சொல்லிக்கொண்டு நிக்குது. நீங்கள் பொத்து பொத்து எண்டு சொல்லுறியள். நாளைக்குப் பூசையிலை முன் வாங்கிலைதானே போய் இருப்பியள்?"

"நான் தம்பியின்ரை நன்மைக்குச் சொன்னனான்."

"தம்பிக்கு நன்மை. நினோவுக்கு?"

அவர்கள் என்ன சண்டை பிடிக்கிறார்கள் என்று விளங்காமல் நினோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கோபத்தில் வண்டியில் எதையாவது கழற்றி வைத்துக்கொண்டால்? தொத்தோரேயின் தங்கைக்குச் சொன்னால்? தங்கை தொத்தோரேக்குச் சொன்னால்? திங்கட்கிழமை வரைக்கும் ஓடிப்போய்விட்டது என் யோசினை. ஆனால் நினோ மூக்குக்கண்ணாடி இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்ததைப் பார்த்தபோது என் கை பைக்குள் போய்விட்டது.

பொலித்தீன் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், "தாங்கி. மூடிக்குக் கீழே. நான் வைத்தேன். உங்கள் வேலை சரி" என்றேன். காற்று வாயைக் கையால் பொத்தியதையும் செய்து காட்டினேன். அதனால்தான் பிளக் கறுத்தது, அதனால்தான் அவர் வழி தவறினார்.

நினோ துண்டை விரித்தார். சுவாசத் துளையைப் பார்த்தார். பிறகு கத்தினார். மேல்மாடிப் பெண் சன்னலைத் திறந்தார்.

"என்ன சொல்லுறார் அண்ணை?"

"அது மொழிபெயர்க்கேலாது."

கத்தி முடிந்ததும் ஒரு சொல் மட்டும் கேட்டார்: ஏன்?

நான் சொல்ல, அந்தோனி அண்ணை சொன்னார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆஸ்பத்திரியில் எறியும் சேலைன் போத்தலை ஹாண்டிலில் தொங்கவிட்டு, அதன் குழாயைக் கார்புரேற்றருக்குக் கொடுப்போம். ஸ்ராட் பண்ண மட்டும் ஊசிச் சிறிஞ்சால் சில துளி பெற்றோல். பிறகு காற்று வாயைப் பொத்திப் பொத்தி, சூடாகும் வரை உதைக்க வேண்டும். தாங்கிக்குள் அவசரத்துக்கு ஒரு போத்தல் பெற்றோல் கிடக்கும்; ஆவியாகிப் போகாமல் மூடிக்குக் கீழே பொலித்தீன். தாங்கியால் வண்டி ஓடவில்லை, போத்தலால் ஓடியது. தாங்கி மூச்சு விட வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நினோ ஒரு பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினை வருசம் எண்டு கேக்கிறார்."

"மூண்டு வருசம். பாணோடை."

"பிளக்கை எத்தினை நாளுக்கு ஒருக்காக் கழுவினனீர் எண்டு கேக்கிறார்."

"ஒவ்வொரு நாளும்."

இதை அந்தோனி அண்ணை சொல்லத் தேவைப்படவில்லை. என் விரல்கள் பிளக்கைத் திருகித் தேய்ப்பதைப் பார்த்து நினோ தலையாட்டினார். கண்ணாடிகளை வெளியே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஒரு துண்டுக் கடதாசி தந்து போத்தலையும் குழாயையும் கீறிக் காட்டச் சொன்னார். மருமகனுக்குக் காட்டப் போகிறாராம். பட்டறை எப்போது கொடுபடும் என்று அந்தோனி அண்ணை குறும்பாகக் கேட்டார். யார் கொடுக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார் நினோ.

6.20. கணக்கு. "தன்ரை பிழை எண்டால் சும்மாவாம். உம்மடை பிழை எண்டால் மூண்டு தரம் கழட்டினதுக்கும் ஊசிக்கும் நாப்பத்தையாயிரமாம்" என்றார் அந்தோனி அண்ணை. "நான் அப்பவே சொன்னனான். சத்தியத்துக்கு விலை இருக்கு."

என்னிடம் இருந்தது பதினேழாயிரம். அண்ணை தன் பையில் கை வைத்தார். நினோ தடுத்துவிட்டார். கடன் என்னுடையதாம். பதினேழாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். மிச்சத்தை வரும்போது கொண்டு வா, தபாலில் அனுப்பாதே, அந்தச் செலவுக்கு இரண்டு பேர் கோப்பி குடிக்கலாம் என்றார். பெர்மெஸ்ஸோவை எடுத்துக் காட்டி என் பெயரையும் விலாசத்தையும் கொடுக்கப் போனேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. என் கையை மடக்கிப் பைக்குள் தள்ளிவிட்டார்.

6.50. வண்டியை ஓட்டியபடியே கப்பலில் ஏற்றினேன். கதவடியில் அந்தோனி அண்ணையும், சோற்றுப் பார்சலோடு ரீற்றா அக்காவும் நின்றார்கள். மத்தியானம் சாப்பிடாததை அவ கவனித்திருக்கிறா. மலை பின்னால் போகும்வரை மேல்தளத்தில் நின்றேன். இந்த நாட்டில் ஒரு கிலோ தக்காளி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் என்னிடம் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோர் சன்னலில், என் தகப்பன் பெயரை எத்தனை தரம் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பேன்! எங்கள் ஊரிலும் கடன் கேட்டால் ஆரின் மகன் என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு நாள் முழுக்க என்னால் முழங்கால் நோகக் குந்தியிருந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குக் கப்பலில் நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

ஞாயிறு காலை தொத்தோரே பழுப்பு ஹெல்மெற்றோடு துறைமுகத்தில் நின்றார். நான் என் மாதப் பஸ் அட்டையில் வோமெரோவுக்கு ஏறி வந்தபோது வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கையெழுத்து வைத்தார். செலவு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். பிழை என்னுடையது, ஆகவே இல்லை என்றேன்.

அடுத்த சம்பளத்தில் கப்பல் ரிக்கற் எடுக்க வேண்டும். நினோவுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது இருபத்தெட்டாயிரம் லீரா.